ஸ்டோர் அடுப்பும் லயத்து அடுப்பும்

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில், இலையின் அடிப்புறம் ஆரஞ்சு நிறத்தில் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவிலிருந்து அதன் மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பி படுத்துவிட்டது. மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. இது எல்லோரும் சொல்லும் கதை. பயிரோடு சேர்ந்து விறகுக் கணக்கும் அடியோடு மாறியதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. கோப்பிக் கொட்டையைப் பெரும்பாலும் வெயில் பார்த்துக்கொண்டது. தேயிலைக்கு நெருப்பு வேண்டும்.

எவ்வளவு நெருப்பு? பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தூளில் மிஞ்சுவது ஏறக்குறைய மூன்று சதவீதம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து போகிறது என்றால், மூன்றரை லீற்றர் தண்ணீரையாவது வெளியேற்றியாக வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தையில் கையால் உருட்டிய இலையை, மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் பரப்பிக் காயவைத்தார். சில ஏக்கருக்கு அது போதும். நூற்றுக்கணக்கான ஏக்கர் வந்தபோது, பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரோக்கோ போன்ற உலர்த்திகள் வந்தன. அடுப்பு சூடாக்கிய காற்றைக் கொழுந்தின் ஊடாகச் செலுத்தும் இயந்திரங்கள் அவை. நிறைய இலையைச் சீக்கிரம் காயவைத்தன. அந்த அளவுக்கு விறகையும் தின்றன.

மடுல்சீமை அடங்கிய ஊவாவுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஈரமற்றது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல்மாடித் தட்டுகளில் பரப்பிய கொழுந்தை அந்தக் காற்றே வாட்டிவிடும். ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனையும் அந்த மாதங்களுக்கு உரியதுதான். வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும்போது நிலைமை தலைகீழ்: கொழுந்தை வாட்டவே சூடான காற்று வேண்டும். விறகு அதிகம் வேண்டிய அந்த மாதங்களில்தான் விறகும் நனைந்து கிடக்கும். ஈரக்கட்டை தன் சூட்டில் ஒரு பங்கைத் தன் தண்ணீரைக் காயவைக்கவே செலவழிக்கும். வெட்டிப் பிளந்த கட்டையைக் கொட்டகையில் அடுக்கி, மாதக்கணக்கில் காயவிடுவது தோட்டத்து நிருவாகத்தின் சத்தமில்லாத திறமைகளில் ஒன்று.

முதலில் எரிந்தது காடு. அது சுருங்கியதும் மரம் நட வேண்டியதாயிற்று. ரயில் பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் தொட்டது. லுணுகலைக்குக் கடைசி வரை வரவில்லை. தூரத்திலிருந்து எரிபொருள் கொண்டுவருவது வண்டிப் பாதையையும் பணத்தையும் பொறுத்தது. ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு மரங்கள் மலையை நிரப்பின: மலைநாட்டார் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா, டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ். கீழே படல்கும்புரை, மொனராகலைப் பக்கத்தில் பால் வற்றி வெட்டிய இறப்பர் மரமும் ஸ்டோர் அடுப்புக்கு ஏறியது. இடையில் எண்ணெய் அடுப்புகளும் எட்டிப் பார்த்தன. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்த பிறகு, விறகே மறுபடி கைகொடுத்தது. இன்று கருத்தரங்குகளில் புதுமையாகப் பேசப்படும் உயிர்த்திணிவு எரிபொருள் தேயிலை ஸ்டோருக்கு நூற்றைம்பது வருடப் பழக்கம்.

இன்னோர் அடுப்பும் இருந்தது. அதற்கு எந்தப் பேரேட்டிலும் தனிப் பக்கம் இல்லை.

தேயிலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுந்த குச்சிதான் மிலாறு. மலையில் கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் தலையில் மிலாறுக் கட்டோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் பெண்களைத் தோட்டங்களில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த மிலாறு சுள்ளென்று எரியும். ஆனால் பல லயத்து அறைகளில் புகைபோக்கி கிடையாது. புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான் போகும். எரிபொருள் இலவசம் என்று சொன்னால், எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு அவர்கள் நடந்த நடை கணக்கில் வராது. திண்மக் கழிவிலிருந்து ஆற்றல் எடுக்கும் தொழிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடத்தியவர்கள் அவர்களே.

அரசாங்கத்தின் பார்வை விறகின் மீது திரும்பியது பின்னால். தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் கிளிரிசீடியா அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்பது இதைத்தான். ஊவாவுக்கு இது அந்நியமில்லை: தேயிலைக்கு நிழல், மிளகுக்கொடிக்குத் தாங்கு, வேலிக்குக் கதியால். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். பதுளை மாவட்டத்தின் மகியங்கனையில் 2014இல் டோக்கியோ சீமெந்து நிறுவனம் 5 மெகாவாட் மின்னிலையம் தொடங்கியது. ஊரார் வெட்டித் தரும் கிளிரிசீடியாக் கட்டை அதன் கொதிகலனுக்குப் போகிறது. ஊவாவின் இன்னொரு மூலையான பெல்வத்தையில் சீனி ஆலை தன் கரும்புச் சக்கையை எரித்தே இயங்குகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, கிளிரிசீடியாவின் இலைக்கும் திடீர் மதிப்பு வந்தது. சில மாதங்களில் தடை போய்விட்டது. அதற்குள் தேயிலை விளைச்சல் அடிவாங்கியிருந்தது.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு உருளையின் விலை 4,860 ரூபாய். முந்திய ஆண்டு நிர்ணயித்த தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபாய். ஐந்து நாள் உழைப்பு ஓர் உருளைக்குச் சரி. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். எரிவாயு எட்டிப் பார்த்திருந்த லயங்களிலும் அடுப்புக்கு மிலாறு திரும்பியது. மின்னிலையத்துக்குக் கட்டை விற்பவர் வேலியும் துண்டு நிலமும் உள்ள விவசாயி. லயத்துக் குடும்பத்தின் வாசல் மண்கூடத் தோட்டத்துடையது. மலையில் நிழல்மரத்தைக் கிளை கழித்தால், இலை தேயிலைத் தூருக்குப் பசளையாகும், பருத்த கட்டை ஸ்டோருக்குப் போகும்.