உத்தியோகம் புருஷ லட்சணமா?

நூற்றாண்டு மலருக்காகச் சங்கத்தின் பழைய அங்கத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும் வேலை எனக்கும் என் வகுப்புத் தோழியர் இருவருக்கும் தரப்பட்டது. கறையான் தின்றது போக மிஞ்சிய கொப்பிகளில் ஒன்றில் “தொழில்” என்று ஒரு நிரல் இருந்தது. அதன் கீழே பெரும்பாலான அக்காமாருக்கு எழுதப்பட்டிருந்தது அவர்களுடைய கணவன்மாரின் உத்தியோகம்: இலிகிதர், புகையிரத நிலைய அதிபர், பரியாரி, மலாயாப் பென்சனியர். ஆசிரியைகள் சிலருக்கு மட்டும் சொந்தமாக ஒரு சொல் இருந்தது. என் அம்மம்மாவின் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு. அவர் மூன்று பசு வளர்த்துப் பால் விற்ற காசிலும், ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த காசிலுந்தான் என் அம்மா பல்கலைக்கழகம் போனார்.

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்று சொல்லியே வளர்ந்த சமூகம் எங்களுடையது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்றதும் ஆண்பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். அந்தப் பேச்சுக்குள் பெண் எப்படி நுழைந்தாள் என்பதை, எனக்குக் கொஞ்சம் தெரிந்த வைத்தியத் துறையின் வழியே சொல்லிப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி சம்பளத்தை நினைத்துத் தொடங்கியதல்ல. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது பிள்ளை பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. படித்து முடித்து மணம் செய்யும் பிள்ளைகளுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. அதாவது, படிப்பின் பலன் நல்ல மாப்பிள்ளை. 1848 அளவில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார், பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றும் வியக்கிறேன். ஆனால் அவரிடம் பயின்று வெளிவந்தவர்கள் ஆண்கள்.

ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசிய பெண்கள் வீட்டிலேயே செத்தார்கள். இந்தக் கூச்சந்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. லீச் சகோதரிகள் பணம் திரட்ட, 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை தொடங்கியது. டொக்டர் இசபெல்லா கேர் அங்கே நெடுங்காலம் உழைத்தார். உள்ளூர்ப் பெண்கள் அங்கே தாதிகளாகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெற்றார்கள். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களைச் சேர்த்தது. அலிஸ் டி போயர் அங்கே படித்து வெளிவந்த முதல் பெண் வைத்தியர்களில் ஒருவர். இவற்றில் எதுவும் சமத்துவம் கருதிச் செய்ததல்ல. பெண்ணைத் தொட ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே திறந்த கதவு நேரே மகப்பேற்று விடுதிக்குள் போய் நின்றுவிட்டது.

இணுவிலோடு தொடர்புபட்ட இன்னொரு பெயர், ரொறன்ரோவில் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. மேரி ஏர்வின் கனடாவில் பிறந்து ரொறன்ரோவில் வைத்தியம் படித்தவர். மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வர இருந்தவர், 1896இல் சாமுவேல் கனகரத்தினம் என்ற தமிழரை மணந்துகொண்டார். மணம் செய்த காரணத்தால், அதுவும் தமிழரை மணம் செய்த காரணத்தால், மிஷன் வேலை அவர் கையை விட்டுப் போயிற்று. அவர் கப்பலேறித் திரும்பவில்லை. கொழும்பு லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சில காலம் வேலை பார்த்து, பிறகு தனியாக வைத்தியம் செய்தார். டொக்டர் மேரி ரத்னம் என்று நாடறிந்தவர் இவரே. 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம், 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் எனப் பலவற்றைத் தொடங்குவதில் முன்னின்றார். 1931இல் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததில் அவருக்கும் பங்குண்டு. 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சைசாய் விருது பெற்றார். ஒரு கலியாணத்துக்காக வேலையை இழந்த பெண் இவ்வளவும் செய்தார். நான் அடிக்கடி நினைப்பது, அப்படி இழந்துவிட்டு மீள முடியாமற் போன மற்றவர்களைத்தான். அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை.

வைத்தியர்களைப் பற்றியே எழுதுவது எங்கள் வழக்கம். மருத்துவிச்சிகளை மறந்துவிடுவோம். எங்கள் சங்கம் பிறந்த அதே காலத்தில், 1926இல், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வைத்தியசாலையில் காத்திராமல் வீடு தேடிப் போகும் முறை அது. பிறகு நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரம் தாய்மார் அளவில் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், இலவசக் கல்வி, இலவச வைத்தியம் எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. ஆயினும் குடையும் பையுமாக ஒழுங்கைக்குள் வந்த மருத்துவிச்சி அம்மா இல்லாமல் அது நடந்திராது. அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. பல ஊர்களில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதற் பெண்கள் ரீச்சரும் அவருந்தான். ரீச்சருக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டால், இரத்தத்தோடு புழங்குகிறவர் என்று முற்றத்தோடு நிறுத்திய வீடுகளும் இருந்தன.

அதற்கும் முன்பே கூலிக்கு வேலை செய்த பெண்கள் மலையகத்தில் இருந்தார்கள். இந்தத் தீவின் மிகப் பெரிய, மிகப் பழைய பெண் தொழிலாளர் கூட்டம் கொழுந்து பறித்தவர்களே. ஆணுக்குச் சமமான நாட்கூலி அவர்களுக்கு 1984இல்தான் கிடைத்தது. “எங்கட பொம்பிளையள் வேலைக்குப் போக வெளிக்கிட்டது இப்பதானே” என்று நாங்கள் சொல்லும்போது அவர்களைக் கணக்கிலே எடுப்பதில்லை.

என் அம்மாவின் தலைமுறைக்கு வருகிறேன். உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்குச் சீதனம் குறையும் என்றார்கள். குறையவில்லை, சம்பளமும் சீதனத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது நான் ஆண்டு பத்து. அப்பாவின் வெங்காயத் தோட்டம் பின்னாலே கிடந்தது. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதம் எங்களுக்குச் சோறு போட்டது, அம்மாவின் ஆசிரியர் சம்பளம். அது பிந்திப் பிந்தி வந்தாலும் வந்தது. கோறணமேந்துக் கோழியை எங்கள் வீட்டில் மேய்த்தவர் அம்மா. அப்போதும் காலையில் அடுப்பு மூட்டிவிட்டுத்தான் மரத்தடி வகுப்புக்குப் போவார். அப்பா விறகு கொத்திக் கொடுப்பார். அதைப் பார்த்து அயலவர் சிரித்தார்கள்.

நான் வைத்தியரானேன். சத்திரசிகிச்சை படிக்க ஆசை. பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், ஆசானும்கூட, “பிள்ளை, உமக்கு இது சரிவராது. கலியாணம், பிள்ளை குட்டி எண்டு வரும். மகப்பேறு எடும், இல்லாட்டிக் கண் எடும்” என்றார். 1898இன் கதவு அதே இடத்தில்தான் நின்றது. நான் வாதாடவில்லை. மயக்க மருந்து நிபுணரானேன். இன்றும் சத்திரசிகிச்சைக் கூடத்தில்தான் நிற்கிறேன், மேசையின் தலைமாட்டில். இப்போது மருத்துவ பீடங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். ஆனால் நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். இவ்வளவு படித்த பெண்கள் எங்கே போகிறார்கள் என்று பொருளியலாளர்கள் கேட்கிறார்கள். இரவு வேலை முடிந்து காலை வீட்டுக்கு வரும் எந்தப் பெண்ணும் பதில் சொல்லுவாள்.

நான் போகாமல் நின்றதற்குக் காரணம் ஒரு அக்கா. வன்னியிலிருந்து வந்து ஒன்பது வருடம் என் பிள்ளைகளைப் பார்த்தார். எனக்குத் தாபனக் கோவைப்படி முழுச் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ லீவு, அதன் பின் அரைச் சம்பளத்தோடு இன்னும் 84 நாள். 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்ததையும் 1984இன் சம கூலியையும் மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு நான் கொடுத்தது சம்பளமும், தீபாவளிக்குச் சேலையும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டிருந்தது, நானும் விட்டுவிட்டேன். அவர் முழங்கால் வருத்தத்தோடு ஊருக்குத் திரும்பிய நாளில்தான் அது எனக்கு உறைத்தது. அவருடைய மகள் இப்போது கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்குச் சேமலாப நிதி உண்டு. அம்மாவுக்கு நான் மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறேன். அது உரிமையல்ல, என் மனம் இருக்கும்வரை வரும் காசு. அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

பழைய கொப்பியைப் பிரதி செய்யும்போது, அம்மம்மாவின் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் “பால் விற்பனை, தையல்” என்று எழுதியிருக்கிறேன். இன்னும் நூற்றுக்கு மேல் கோடுகள் கிடக்கின்றன. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ மாமியோ எங்கள் பாடசாலையில் படித்திருந்தால், அவர் என்ன வேலை செய்தார், யார் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள் என்று இரண்டு வரி சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டு வகுப்பு என்பதையும் மறவாமல் குறிப்பிடவும். ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள்.