தலையெழுத்து

நடுவர் அவர்களே! இவன் எப்போது உட்காருவான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! ஆண்டாள் வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லாரும் 'ஆண்டாள் பிறந்த ஊர்' என்பார்கள். நான் 'வளர்ந்த ஊர்' என்றேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்றேன்.

"பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து பிறப்பின் அடையாளமா, வளர்ப்பின் அடையாளமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பேசிய பத்து நிமிடத்தில் 'ரத்தம்' என்ற சொல்லை 17 முறை சொன்னார். பெரியாஸ்பத்திரியில்கூட நான் அத்தனை முறை கேட்டதில்லை! (சிரிப்பு)

இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். அந்த ஊரில் பிறந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர். அவர் பெயரின் முன்னால் இரண்டு எழுத்து. 'எஸ்' என்பது தந்தை சஞ்சீவி. 'பி' என்பது யார்? அது ஆள் இல்லை. பூசப்பாடி என்ற வீட்டுப் பெயர். தெலுங்கில் 'இண்டி பேரு' என்பார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள், வந்த இடத்தில் தமிழும் பேசினார்கள், வீட்டுப் பெயரையும் விடவில்லை. விஜயநகரம் அரச குடும்பத்தாருக்கும் இதே பூசப்பாடிதான்.

1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. மகன் பி.ஆர். ராமசுப்பிரமணிய ராஜா. பேரன் பி.ஆர். வெங்கட்ராம ராஜா. பாருங்கள், 'பி' அசையவே இல்லை. மகனின் 'ஆர்' ராமசாமி. பேரனின் 'ஆர்' ராமசுப்பிரமணியம். ஓர் எழுத்து வீட்டுக்கு, ஓர் எழுத்து அப்பாவுக்கு!

"பார்த்தீர்களா, தலைமுறை தலைமுறையாக ரத்தம்தானே ஓடுகிறது?" என்று எதிரணி துள்ளுகிறது. பொறுங்கள் ஐயா! அந்த வீட்டுக்கு மருமகளாக வருகிற பெண்ணும் மரபுப்படி அந்த வீட்டுப் பெயருக்குள் வருகிறாள். அவள் ரத்தம் வேறு. சுவீகாரம் வந்த பிள்ளைக்கும் அதே வீட்டுப் பெயர்தான். அவன் ரத்தமும் வேறு. ஆக, 'இந்த வீட்டு உலையில் கொதித்த சோற்றைத் தின்றவர்' என்பதற்கு அடையாளம் அந்த எழுத்து!

உலகத்தைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. யோன் என்பவரின் மகன் 'யோன்சன்', மகள் 'யோன்ஸ்டோட்டிர்'. அண்ணன் தங்கைக்கே கடைசிப் பெயர் வேறு! ஸ்பானிய வழக்கில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். 1982இல் நோபல் பரிசு பெற்ற கார்சியா மார்க்கேஸுக்குக் கார்சியா அப்பா வழி, மார்க்கேஸ் அம்மா வழி. மேகாலயாவில் காசி இன மக்களிடம் பிள்ளைக்கு அம்மாவின் குலப்பெயர்தான். ராஜபாளையத்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே மருமக்கள்தாய முறை இருந்த குடும்பங்களில் தறவாட்டுப் பெயர் அம்மா வழியில்தான் வந்தது. பர்மாவின் ஆங் சான் சூ கீ பெயரில் ஆங் சான் தந்தை, சூ பாட்டி, கீ தாய். ஒரே பெயரில் மூன்று பேர்!

பெயரைத் தீர்மானிப்பது ரத்தம் என்றால் உலகம் முழுக்க ஒரே விதி இருந்திருக்க வேண்டாமா? மலைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா என்றால், விதி எழுதியது இயற்கை இல்லை, மனுஷன்!

நம் தமிழுக்கு வருவோம். சங்கப் புலவர்களில் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று தந்தை பெயரோடு வருபவர் உண்டு. அதே தமிழில் 'ஆந்தை' என்றும் ஒரு பெயர் உண்டு. பறவை இல்லீங்க! ஆதன் தந்தை என்பது 'ஆந்தை' ஆகும். பூதன் தந்தை 'பூந்தை' ஆகும் என்று தொல்காப்பியத்தில் புணர்ச்சி விதியே இருக்கிறது. பிசிராந்தையார் பெயருக்கும் அப்படித்தான் பொருள் சொல்வார்கள். அதாவது, பிள்ளையின் பெயரை அப்பா சுமந்திருக்கிறார்! (கைதட்டல்)

பிற மாநிலங்களில் பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயர் பல இடங்களில் சாதியைச் சொல்லும். இங்கேயும் அந்த வால் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மெல்ல மெல்ல வால் போயிற்று. தலையெழுத்து மட்டும் நின்றது. வெளிநாட்டுக்காரனுக்கு இது புரிவதில்லை. நம் செஸ் வீரர் விசுவநாதன் ஆனந்தை உலகமே செல்லமாக 'விஷி' என்கிறது. விசுவநாதன் அவர் அப்பா பெயர்! காய் நகர்த்தியது மகன், செல்லப்பெயர் அப்பாவுக்கு! (சிரிப்பு)

இனிச் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய், மகளோடு வந்தார். மில் தொழிலாளி. விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "சார், புள்ள பேருக்கு முன்னால இருக்கிற எழுத்த எடுத்துட்டு என் எழுத்தப் போட முடியாதா? பால்குடி மறக்காத புள்ளைய விட்டுட்டுப் போன ஆளு சார். எங்க இருக்காருன்னே தெரியாது. நைட் ஷிப்ட் பாத்து இவளப் படிக்க வச்சது நானு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்டிபிகேட்ல இருக்கிறபடிதாம்மா எழுத முடியும்." விதிப்படி அது சரியான பதில். அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் மட்டும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த மணி எனக்கு வகுப்பு. பாடம் பெரியாழ்வார். துளசிச் செடியின் கீழே கிடைத்த குழந்தையை எடுத்து, கோதை என்று பெயரிட்டு வளர்த்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில் அந்தப் பெண் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாள்? 'பட்டர்பிரான் கோதை'. பட்டர்பிரான் என்பது பெரியாழ்வார். பெற்றவர் இல்லை, வளர்த்தவர்! அவர் வெறும் அப்பாவா? யசோதையாகவே மாறிக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய தாயும் அவர்தானே! இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு நின்றுவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண் வளர்த்தவர் பெயரைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். அதைப் பாடமாக நடத்துகிற நான், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வளர்த்த ஒருத்தியைப் பார்த்து முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. மணமாகாத தாய், தந்தை பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று விதி வந்தது. கணவர் இறந்தபின் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"அப்படியானால் அப்பா எழுத்தை எடுத்துவிடலாமா?" என்று எதிரணி கேட்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. என் எழுத்து என் அப்பாவுடையது. மழையில் தன் சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டு, சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனுஷன் அவர். அதற்காகச் சுமக்கிறேன். அப்படிச் சுமந்தது அம்மா என்றால் எழுத்து அம்மாவுடையது. பாட்டி என்றால் பாட்டியுடையது.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் இந்த ஊரில் தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது. எழுதியவள் கோதை.