சாவி பத்திரம், சுவடு பகிரங்கம்: பிளாக்செயின் கைபேசிகளின் வரலாறு

2018 இறுதியில் பார்சிலோனாவில் அறிமுகமான ஒரு கைபேசிக்கு 'ஃபின்னி' என்று பெயர். விலை 999 டாலர். சிரின் லேப்ஸ் என்ற இஸ்ரேலியப் பின்னணி கொண்ட நிறுவனம், ஹால் ஃபின்னி என்ற கணினி நிரலரின் நினைவாக இந்தப் பெயரைச் சூட்டியது. 2009 ஜனவரியில் சதோஷி நகமோட்டோ அனுப்பிய 10 பிட்காயினைப் பெற்றுக்கொண்டவர் ஃபின்னி. உலகின் முதல் பிட்காயின் பரிமாற்றத்தின் மறுமுனையில் இருந்த அவர் 2014இல் காலமானார். பிட்காயினுக்கு வெகுகாலம் முன்பே அவர் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளுக்காக உழைத்தவர் என்பது இந்த வரலாற்றில் பிட்காயின் அளவுக்கே முக்கியமான செய்தி.

பிஜிபியை 1991இல் உருவாக்கியவர் ஃபில் ஸிம்மர்மன். அதே ஸிம்மர்மன் இணைந்து நிறுவிய சைலன்ட் சர்க்கிள் 2014இல் 'பிளாக்போன்' என்ற கைபேசியைக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களால் உலகம் அதிர்ந்து போயிருந்த நேரம். அழைப்பையும் குறுஞ்செய்தியையும் குறியாக்கம் செய்வதே பிளாக்போனின் வேலை. பிளாக்செயின் என்ற சொல் அதன் விளம்பரத்தில் எங்கும் கிடையாது. ஆக, பேச்சை ஒற்றர் காதிலிருந்து மறைக்கும் கைபேசியும், பணத்தை வங்கியின் கையிலிருந்து விடுவிக்கும் கைபேசியும் பிஜிபி என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டும் வெவ்வேறு நோக்கங்கள். பிற்பாடு வந்த விற்பனையாளர்கள் இரண்டையும் 'தனியுரிமை' என்ற ஒரே சீட்டை ஒட்டி விற்றார்கள். அடுத்த பத்தாண்டுக் குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

நாணயப் பரிமாற்றங்கள் பதிவாகும் கூட்டுப் பேரேடான பிளாக்செயின், கைபேசிக்குள் வரவேண்டிய தேவை எப்படி எழுந்தது? 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுன்ட் காக்ஸ் பரிவர்த்தனை நிலையம் நொடித்தபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போனதாக அறிவிக்கப்பட்டது. நாணயத்தை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவைப்பதன் ஆபத்து அன்று எல்லோருக்கும் புரிந்தது. பிட்காயின் வைத்திருப்பது என்றால் உண்மையில் 256 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணை வைத்திருப்பதுதான். அந்தச் சாவி யாரிடமோ பணம் அவரிடம். தொலைந்தால் மீட்டுத்தர எந்தக் கிளை மேலாளரும் இல்லை. அதே ஆண்டு பிராக் நகரத்தின் சதோஷிலேப்ஸ், சாவியைக் காக்க மட்டுமே செய்யப்பட்ட 'டிரெசர்' என்ற சிறு கருவியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

கைபேசியிலேயே பாதுகாப்பான பெட்டகம் இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்று கேட்கலாம். ஆப்பிள் 2013இல் ஐபோன் 5எஸ் சிப்பிலேயே இரகசியங்களைக் காக்கும் தனிப்பகுதியைப் பதித்துவிட்டது உண்மைதான். சிக்கல் கணிதத்தில் இருந்தது. டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பயன்படும் நீள்வட்ட வளைகோடுகளில் பல வகை உண்டு. கைபேசி உற்பத்தியாளர்கள் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் பரிந்துரைத்த பி-256 வகையை எடுத்துக்கொண்டார்கள். பிட்காயினும் பின்னர் வந்த எத்தீரியம் என்ற பிளாக்செயினும் வேறொரு வளைகோட்டைத் தேர்ந்தன. ஆகவே கோடிக்கணக்கான கைபேசிகளில் பெட்டகம் இருந்தும் அதற்குள்ளிருந்து ஒரு பிட்காயின் கையொப்பத்தைப் போட வழியில்லை. 'பிளாக்செயின் கைபேசி' என்ற தனி இனம் தோன்றுவதற்கு இடம் கொடுத்தது இந்தச் சின்னப் பொருத்தமின்மைதான்.

சிரின் லேப்ஸ் முதலில் செய்தது பணக்காரர்களுக்கான கைபேசி. 2016இல் லண்டனில் வெளியான 'சோலாரின்' சுமார் 9,500 பவுண்டு. வாங்க ஆள் குறைவு. 2017 டிசம்பரில் நிறுவனம் டோக்கன் எனப்படும் டிஜிட்டல் நாணயத்தை வெளியிட்டு ஏறத்தாழ 15.8 கோடி டாலர் திரட்டியது. லியோனல் மெஸ்ஸி விளம்பர முகமானார். அந்தப் பணத்தில் பிறந்த ஃபின்னியில் மேலே நழுவி எழும் சிறு இரண்டாம் திரை இருந்தது. பணம் அனுப்பும்போது விவரங்களைச் சரிபார்க்க மட்டும் அந்தத் திரை. ஆண்ட்ராய்டில் நச்சுநிரல் புகுந்திருந்தாலும் இந்தத் திரையை ஏமாற்ற முடியாது என்பது வடிவமைப்பின் சாரம். யோசனை நல்லது. ஆனால் கிரிப்டோ சந்தை சரிந்துகிடந்த நேரத்தில் கைபேசி வந்தது, அடுத்த ஆண்டே நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியது.

தைவானின் எச்டிசி இன்னும் சுவாரசியமான கதை. 2008இல் உலகின் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியைச் செய்தது அதே நிறுவனம்தான். பத்தாண்டில் சந்தையை இழந்து, கைபேசிப் பொறியாளர்களில் ஒரு பெரும் பகுதியை 110 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கூகுளுக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஒப்பந்தம் நிறைவேறியது 2018 ஜனவரியில். 'எக்ஸோடஸ்' பிளாக்செயின் கைபேசியை அறிவித்தது மே மாதத்தில். இழந்த இடத்தைப் புதுமையால் பிடிக்கும் முயற்சி என்று இதைப் படிப்பது தவறாகாது. எக்ஸோடஸ் 1க்கு முதலில் ரொக்க விலையே வைக்கவில்லை: 0.15 பிட்காயின் அல்லது எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் 4.78. தனியுரிமைக்காக வாங்கும் கைபேசிக்கான கட்டணமே உலகம் பார்க்கும் பேரேட்டில் பதிவாகும் என்ற வேடிக்கையை அன்று யாரும் பெரிதாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சில மாதங்களில் 699 டாலருக்கும் விற்றார்கள்.

எக்ஸோடஸின் உண்மையான பங்களிப்பு சாவியை மீட்கும் முறை. சாவியை மீட்டுத்தரும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பது கிரிப்டோ உலகின் வழக்கம். தாள் தொலையும், எரியும், வேறு யாராவது படிப்பார்கள். ஆடி ஷமீர் 1979இல் வகுத்த இரகசியப் பகிர்வுக் கணிதத்தை எச்டிசி எடுத்துக்கொண்டது. சாவியைத் துண்டுகளாக்கி நம்பிக்கையான சிலரின் கைபேசிகளில் வைக்கலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்தால்தான் சாவி திரும்ப உருவாகும், அதற்குக் குறைந்தால் ஒன்றும் தெரியாது. கணிதம் பழுதற்றது. அதை நிரலாக்கிய விதத்தில் பழுது இருந்தது. பிரான்சின் லெட்ஜர் நிறுவனத்தின் டோன்ஜோன் ஆய்வுக்குழு 2019இல் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்து, தேவையான எண்ணிக்கையைவிடக் குறைவானவர்களே சாவியை மீட்டுவிடலாம் என்று காட்டியது. எச்டிசி திருத்தம் வெளியிட்டது. லெட்ஜர் சாவிக் கருவி விற்கும் போட்டி நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கண்டுபிடிப்பு சரியானது.

2019 அக்டோபரில் வந்த எக்ஸோடஸ் 1எஸ், 219 யூரோ. இந்த வரலாற்றில் தனியுரிமை என்ற சொல்லுக்கு மிக நேர்மையாக நடந்துகொண்ட கைபேசி இதுதான். காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு பொதுவான நம்பிக்கையைக் கலைக்க வேண்டும். பிளாக்செயின் பணப்பை வைத்திருக்கும் கைபேசி பெரும்பாலும் நேராகப் பிளாக்செயினோடு பேசுவதில்லை. இருப்பு எவ்வளவு, பணம் வந்ததா என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கேட்கிறது. கேட்கும்போது எந்த முகவரிக்கான கேள்வி, எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறது என்ற இரண்டும் அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். 2022 நவம்பரில் கன்சென்சிஸ் நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையில், மெட்டாமாஸ்க் பணப்பை இன்ஃபுரா சர்வர் வழியாக இயங்கும்போது ஐபி முகவரியும் பணப்பை முகவரியும் சேகரமாகும் என்று எழுதியபோது பெருங்கூச்சல் எழுந்தது. அந்தத் தரவை 7 நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்று அது பின்பு சொல்ல வேண்டியதாயிற்று. எக்ஸோடஸ் 1எஸ் இந்த இடைத்தரகரையே நீக்கப் பார்த்தது: பிட்காயின் பேரேடு முழுவதையும் கைபேசியிலேயே வைத்துச் சரிபார்க்கும் வசதி. விலை மலிவு, நோக்கம் உயர்வு. ஆனால் 400 ஜிபி மெமரி கார்டைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருந்தது, பேரேடோ அப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 60 ஜிபி வளர்ந்துகொண்டிருந்தது. பெரும்பாலானோர் அந்தத் தொல்லைக்குத் தயாராக இல்லை.

சாம்சங் ஆரவாரமில்லாமல் வந்தது. 2019 பிப்ரவரியில் அறிமுகமான கேலக்ஸி எஸ்10இல், நாக்ஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் பிளாக்செயின் சாவிக்கூடம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. தனிக் கைபேசி, தனி விலை, கால்பந்து வீரர் எதுவும் இல்லை. கேமராவுக்காக வாங்கியவர்கள் கையிலும் அது சேர்ந்தது. 2022இல் சாம்சங் அறிவித்த 'நாக்ஸ் மேட்ரிக்ஸ்' நாணயத்திலிருந்து இன்னும் விலகிச் சென்றது: ஒரு வீட்டின் கைபேசியும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று கண்காணித்துப் பாதுகாக்கும் தனியார் பிளாக்செயின். நாணயம் அதில் இல்லவே இல்லை.

நாணயத்தைக் கைவிடாதது சொலானா என்ற பிளாக்செயின். 2022 ஜூனில் நியூயார்க்கில் அதன் இணை நிறுவனர் அனடோலி யாகொவென்கோ அறிவித்த 'சாகா' கைபேசி 2023இல் 1,000 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஆகஸ்டிலேயே விலை 599 ஆனது. டிசம்பர் தொடக்கம்வரை விற்றது இரண்டாயிரத்துச் சொச்சம். பிறகு அதே மாதத்தில் ஒரு கூத்து. ஒவ்வொரு சாகா உரிமையாளருக்கும் 3 கோடி 'போங்க்' டோக்கன் இலவசமாக உண்டு. நாய்ப் படம் போட்ட அந்த நாணயத்தின் விலை திடீரென ஏறவே, இலவசத்தின் மதிப்பு கைபேசியின் விலையைத் தாண்டியது. கையிருப்பு தீர்ந்தது. ஈபேயில் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அடுத்த கைபேசிக்கு 1,50,000க்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். 'சீக்கர்' என்ற பெயரில் அது 2025 ஆகஸ்டில் அனுப்பப்பட்டது.

இலவச நாணயம் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று பார்த்தால் தனியுரிமைக் கேள்வி நேராக வந்து நிற்கிறது. ஒவ்வொரு சாகாவோடும் ஓர் அடையாள டோக்கன் வந்தது. அதைப் பெற்றுக்கொண்ட பணப்பை முகவரி, 'இது சாகா உரிமையாளருடையது' என்று பொதுப்பேரேட்டில் முத்திரை குத்தப்பட்டதாகிறது. சீக்கரின் டோக்கனையோ இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. பெயர் இல்லைதான், ஆனால் அந்த முகவரியின் இருப்பு, வரவு, செலவு அனைத்தும் ஊர்ச்சுவரில் எழுதிய கணக்குப் போல எவரும் படிக்கலாம். முகவரிக்குப் பின்னாலுள்ள ஆளைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு தவறு போதும். 2021இல் கலோனியல் பைப்லைன் நிறுவனம் மிரட்டல்காரர்களுக்குக் கொடுத்த பணத்தில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை மீட்டது பிட்காயின் பேரேட்டில் தடம்பிடித்துத்தான். குற்றவாளிக்கு நேர்ந்தது சாதாரணக் குடிமகனுக்கும் நேரும். துரத்துபவர் மட்டும் வேறு.

தனியுரிமையின் மற்ற முனைகளில் பிளாக்செயினுக்குச் சொல்ல எதுவுமில்லை. இருப்பிடம், தொடர்புப் பட்டியல், எந்தச் செயலி எதைக் கேட்கிறது, பெகசஸ் போல ஒரு தட்டல்கூட இல்லாமல் நுழையும் ஒற்று மென்பொருள் ஆகிய எதையும் பேரேடு தடுக்காது. தடுப்பது மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட். சாகாவைச் செய்துகொடுத்த ஓசம் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. அந்தக் கைபேசிக்கு அப்டேட்டுகளும் அந்த ஆண்டோடு நின்றுபோயின. 1,000 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டகம் இரண்டாம் ஆண்டிலேயே காவலாளி இல்லாமல் போனது.

இந்தியாவில் பிளாக்செயின் கைபேசியில் ஏறுவதற்கு முன்பே கைபேசி வலையமைப்பில் ஏறிவிட்டது. வணிகக் குறுஞ்செய்தித் தொல்லையைக் கட்டுப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வங்கியோ கடையோ அனுப்பும் செய்தியின் தலைப்பும் வாசக மாதிரியும் டிஎல்டி எனப்படும் பகிர்வுப் பேரேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனை முழுவீச்சில் தொடங்கியபோது ஓடிபிகள் வராமல் நாடே திண்டாடியது; டிராய் ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் 'நம்பிக்கை இணையம்' இன்னொரு வகை: அரசுச் சான்றிதழ்களைக் கைபேசியில் வைத்துப் பகிர 'இ-பெட்டகம்' செயலி அதன் மேல் இயங்குகிறது. சான்றிதழ் உண்மையா என்று சரிபார்ப்பதே இங்கே வேலை, மறைப்பது அல்ல.

தனியுரிமைக்கு உண்மையில் உதவக்கூடியது இந்தக் கடைசித் திசையில்தான் இருக்கிறது. பிறந்த தேதியைச் சொல்லாமல் 18 வயது ஆகிவிட்டது என்று மட்டும் நிரூபிக்கும் கணிதம் 1985இலேயே கோல்ட்வாசர், மிகாலி, ராக்கோஃப் மூவரின் ஆய்வில் முளைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பணமும் பொறியாளர்களும் தந்தது கிரிப்டோ உலகம். 2016இல் தொடங்கிய ஸிகேஷ் நாணயம் முக்கியமான படி. ஆனால் அந்தக் கணிதத்துக்குப் பேரேடு கட்டாயம் இல்லை. தனிநபர் தரவைப் பிளாக்செயினில் நேரடியாக ஏற்றுவதைத் தவிர்க்கும்படி ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அழிக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது, அழியாமை பேரேட்டின் பெருமை. இரண்டும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியாது.

வளைகோட்டுச் சிக்கலுக்கு முடிவு கைபேசிப் பக்கமிருந்து வரவில்லை. 2025 டிசம்பரில் எத்தீரியம் 'ஃபுசாகா' என்ற மேம்பாட்டைச் செய்தபோது, பி-256 கையொப்பங்களைச் சரிபார்க்கும் வசதியைத் தன் பேரேட்டிலேயே சேர்த்துக்கொண்டது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஏற்கனவே உள்ள பெட்டகங்கள் போடும் கையொப்பத்தை எத்தீரியம் இப்போது குறைந்த செலவில் நேரடியாகச் சரிபார்க்கும்; அதற்குத் தனியாக ஒரு பிளாக்செயின் கைபேசி வாங்க வேண்டியதில்லை.