பழைய ஸ்டீரியோவில் கரகர சத்தமா? கோளாறு செட்டிலா, கச்சேரியிலா? கண்டுபிடிப்பது எப்படி?

1970-ம் ஆண்டு வெளியான ஓர் இசைத்தட்டின் நடு லேபிளில், கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'கரகரப்பு இருக்கும், அது சரிதான், திருத்த வேண்டாம்' என்பது அதன் பொருள்.

பிரிட்டனின் 'தி ஹூ' ராக் குழு, அந்த ஆண்டு பிப்ரவரி 14-ம் தேதி லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடத்திய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு அது. பெயர் 'லைவ் அட் லீட்ஸ்'. மேடையில் பதிவு செய்யும்போது ஒயரில் வந்த 'டிக்... டிக்...' சத்தமும் டேப்பில் ஏறிவிட்டது. அதை அப்படியே விட்டுத்தான் தட்டை வெளியிட்டார்கள். 1995-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் கணினி உதவியுடன் அந்த சத்தங்களில் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

பழைய செட் வைத்திருக்கும் வீடுகளில் இன்றைக்கும் வரும் சந்தேகம் இதுதான். சத்தம் வருது. செட் ரிப்பேரா, இல்லை பாட்டே அப்படித்தானா?

சபுராளி கொண்டு வந்த செட்

திருவாரூர் - மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூருக்கு 'சின்ன சிங்கப்பூர்' என்று இன்னொரு பெயர் உண்டு. மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா நாடுகள் என்று தலைமுறை தலைமுறையாக சம்பாதிக்கப் போனவர்களின் ஊர். வெளிநாட்டில் இருப்பவரை இந்தப் பக்கம் 'சபுராளி' என்பார்கள். சபுராளி ஊர் திரும்பினால் பெட்டியில் சென்ட், சேலையோடு டேப் ரெக்கார்டரும் வந்தது ஒரு காலம். பின்பக்கம் 'மேட் இன் ஜப்பான்' என்று இருந்தால் அந்த செட்டுக்கு தனி மரியாதை.

ராக் ரசிகர்களுக்கு 'மேட் இன் ஜப்பான்' என்றால் வேறு ஞாபகம் வரும். 'டீப் பர்ப்பிள்' குழு 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17-ம் தேதி டோக்கியோவிலும் வாசித்ததன் நேரடிப் பதிவு அது.

அந்த செட்டுகள் பலவும் இப்போது பரணில் இருக்கின்றன. கூடவே கேசட்டுகள். நாகூர் இ.எம். ஹனிபா கச்சேரி, கல்யாண வீட்டு பாட்டு, கடிதத்துக்குப் பதிலாக அத்தா அங்கிருந்து பேசிப் பதிந்து அனுப்பிய கேசட் என்று எதுவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கோளாறான டெக்கில் அதைப் போட்டு டேப் சிக்கிக்கொண்டால் அந்தக் குரல் அவ்வளவுதான். அதனால் எது கோளாறு, எது இல்லை என்று தெரிந்துகொண்டு பிறகு பட்டனை அழுத்துவது நல்லது.

நேரடிப் பதிவில் இதெல்லாம் கோளாறு இல்லை

ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக பதிவு செய்து, பிடிக்காவிட்டால் மறுபடி வாசிக்கச் சொல்லலாம். மேடையில் அது முடியாது. பாடகரின் மைக்கில் டிரம்ஸ் விழும், கூட்டத்தின் விசில் விழும், ஸ்பீக்கரில் இருந்து திரும்பி வரும் சத்தமும் விழும். இந்தக் கலப்புதான் 'நாமும் அங்கே உட்கார்ந்திருக்கோம்' என்ற உணர்வைத் தருது. அதை கோளாறு என்று நினைத்து ட்ரெபிளை முழுசா குறைத்தால் கைதட்டலோடு சேர்ந்து கச்சேரியும் மங்கிவிடும்.

நியூயார்க்கில் 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி நடந்த 'வங்கதேசத்துக்கான கச்சேரி'யின் இசைத்தட்டில் ஒரு சுவாரசியம் இருக்கு. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே ஒரு உருப்படி என்று நினைத்து கூட்டம் கைதட்டுகிறது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் நாசூக்காகச் சொல்கிறார். அதை வெட்டாமல் தட்டில் வைத்தார்கள். அந்த சில நொடிகள் இல்லாமல் அந்தப் பதிவை நினைத்துப் பார்க்க முடியாது.

'லைவ் அட் லீட்ஸ்' இன்னொரு பாடம். அதில் பேஸ் கிடார் இடது பக்கம், லீட் கிடார் வலது பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் 'பாதி பாட்டை காணோமே' என்று தோன்றும். செட் நல்லாத்தான் இருக்கு. சொல்லப்போனால் உங்க ஒயர் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

நம்ம ஊர் கச்சேரி கேசட்டுகளுக்கு தனி குணம் உண்டு. பலது மைக் செட் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்தவை. 'இசைமுரசு' ஹனிபா போல கம்பீரக் குரல்காரர் உச்சத்துக்குப் போகும்போது, அந்தச் சின்ன மைக் தாங்காமல் குரல் பிளந்த மாதிரி பதிவாகியிருக்கலாம். கைதட்டல் முடிந்து அமைதியானதும் 'உஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மெல்ல மேலே ஏறுதா? சத்தத்தை தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி அந்த ரெக்கார்டர்களில் இருந்தது. அதன் வேலை அது. கேசட்டில் இருந்து கேசட்டுக்கு காப்பி எடுத்திருந்தால் ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் கூடும். இதையெல்லாம் எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

அப்போ எது கோளாறு?

ஒரு எளிய சோதனை. சத்தம் வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ரீவைண்ட் செய்து மறுபடி கேளுங்க. அதே சொல்லில், அதே இடத்தில் வந்தால் அது பதிவிலோ டேப்பிலோ இருப்பது. இடம் மாறி மாறி வந்தால் செட்டை சந்தேகப்படலாம். பாட்டை நிறுத்திய பிறகும் சத்தம் தொடர்ந்தால் சந்தேகமே வேண்டாம், செட்தான்.

அதிகமாக வரும் புகார் 'ஊம்ம்ம்' என்ற சத்தம். மெக்கானிக்குகள் 'ஹம்மிங்' என்பார்கள். வால்யூமை பூஜ்ஜியத்துக்கு கொண்டு போங்க. ஹம்மிங் அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளை பக்கம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை டி.சி.யாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று மிச்சமாகும். அதை வடிகட்டுவது கண்டென்சர். பல வருஷ வெயிலிலும் சூட்டிலும் கண்டென்சர் உள்ளுக்குள் காய்ந்துபோனால் அந்த அலை ஸ்பீக்கர் வரை வந்துவிடும். கண்டென்சரை மாற்றினால் சரியாகிவிடும். இதற்காக நல்ல ஆம்ப்ளிஃபயரை பழைய இரும்புக்குப் போடுவது வயிற்றெரிச்சல்.

வால்யூமைக் கூட்டினால் ஹம்மிங்கும் கூடுதா? அப்போ ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே வரும் வழியில் பாருங்க. ஒயரின் மேல்கவச இழை அறுந்திருக்கலாம், பின் லூஸாக இருக்கலாம். டி.வி. அல்லது செட்டாப் பாக்ஸோடு இணைத்திருந்தால் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்க. லேப்டாப்பில் இருந்து கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது: இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த் ஆகும்போது நடுவில் உண்டாகும் சுற்று. இரண்டையும் ஒரே பவர் பாக்ஸில் சொருகினால் பல நேரம் அடங்கும். ஹம்மிங்கை நிறுத்த எர்த் ஒயரை வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை மட்டும் செய்யாதீங்க. செட்டின் உள்ளே லீக்கேஜ் இருந்தால் அதைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் அந்தக் கரண்ட் தரைக்குப் போகும்.

ஒரு பக்கம் மட்டும் பாடலையா? செட்டை ஆஃப் செய்துவிட்டு, ஆம்ப் பின்னால் ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாற்றுங்க. ஊமை ஸ்பீக்கர் இப்போதும் ஊமைதான் என்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ போயிருக்கு. இப்போ மற்ற ஸ்பீக்கர் ஊமையானால், ஆம்ப் அல்லது டெக். அடுத்து டெக்கில் இருந்து வரும் ஒயரை மாற்றிப் பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

இரண்டும் பாடுது, ஆனால் பாஸ் இல்லை, பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியலையா? ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது, பாஸ் காணாமல் போகிறது. வீடு வெள்ளையடித்த பிறகு இந்தக் கோளாறு நிறைய வரும்.

வால்யூம் திருகும்போது மட்டும் 'கரக் கரக்' என்றால் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து முறை முழுசாகத் திருப்பினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இன்னும் பிடித்து வைக்கும். ஸ்பீக்கரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் விரல் பட்டாலே உதிருதா? மைக் செட் ஸ்பீக்கருக்கு கோன் மாற்றுபவரிடம் கேளுங்க, ஓரத்தை மட்டும் ஒட்டித் தர முடிந்தால் ஸ்பீக்கரே மாற்ற வேண்டியதில்லை.

கேசட்டைப் போடுவதற்கு முன்

நீண்ட காலம் சும்மா இருந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். பாட்டு இழுத்து இழுத்து, குரல் அழுவது போல வந்தால் அதுதான். முதலில் போனாலும் பரவாயில்லாத ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்க. அத்தா குரல் கேசட்டில் சோதனை வேண்டாம்.

சத்தம் கம்பளிக்குள் இருந்து வருவது போல மங்கினால் ஹெட்டில் அழுக்கு. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடணும். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் கலந்திருக்கும். துடைத்தும் மங்கலாக இருந்தால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கலாம். அதற்கு ஹெட் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு, மெக்கானிக் திருகட்டும். டால்பி பட்டனையும் ஒரு தடவை பாருங்க. டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டாலும் மங்கும்.

ஆற்றுப்பாசன ஊர்களில் மழைக்கால ஈரம் இன்னொரு எதிரி. கேசட் ஜன்னல் வழியாக டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீங்க. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். சவுதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கரண்டின் ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றும் மோட்டார் உள்ள பிளேயர் அங்கிருந்து வந்திருந்தால், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பாடகருக்கு தொண்டை கட்டியது போல கேட்கும். சிங்கப்பூர், மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வந்ததில் இந்தப் பிரச்னை இல்லை.

பிளக்கில் கை வைக்கும் முன்

சிங்கப்பூர், மலேசிய செட்டுகளில் வரும் சதுரக் கால் மூன்று முனை பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும். நம்ம சாக்கெட்டில் சேராது என்று அதை வெட்டி எறிந்துவிட்டு டூ-பின் மாட்டிய வீடுகள் ஏராளம். ஃபியூஸ் போச்சு, எர்த் இருந்திருந்தால் அதுவும் போச்சு. ஒயரில் மூன்று இழை இருந்தால் த்ரீ-பின் பிளக் போட்டு எர்த்தை முறையாக இணைக்கச் சொல்லுங்க. தொட்டால் 'சுர்' என்கிற செட்டை உடனே பிடுங்கி வைக்கணும்.

செட்டின் பின்னால் வோல்டேஜ் குறிப்பையும் படியுங்க. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தது 100 வோல்ட். நேரடியாக 230-ல் சொருகினால் புகைதான். சில செட்டுகளில் வோல்டேஜ் மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும்.

பல வருஷம் பரணில் கிடந்ததை இறக்கியதும் நேராக கரண்டில் போடாமல், மெக்கானிக்கிடம் சீரீஸ் பல்பு வைத்து பார்க்கச் சொல்லலாம். குண்டு பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒரு மின்னல் மின்னி மங்கினால் பெரும்பாலும் பிழைத்தது. மூடியை நீங்களே கழற்றுவது வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

கேட்கும் இடம்

மொசைக் தரை, வெறும் சுவர் உள்ள கூடத்தில் எந்தக் கச்சேரியும் இரண்டு முறை எதிரொலிக்கும். பதிவிலேயே அரங்கத்தின் எதிரொலி இருக்கு, உங்க கூடத்தின் எதிரொலியும் சேர்ந்தால் குழம்பும். ஒரு ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கர்களை சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, காது உயரத்தில் வையுங்க. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம தூரத்தில் முக்கோணமாக இருந்தால் மேடை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

செட் சரியானதும் முதல் வேலையாக அரிய கேசட்டுகளை கணினிக்கோ மொபைலுக்கோ ஒயர் வழியாகப் பதிந்துவிடுங்க. இரைச்சல் நீக்கும் செயலிகளை அசல் பதிவின் மேல் ஓட்ட வேண்டாம், ஒரு காப்பியில் செய்து பாருங்க. இருமலையும் பின்னணியில் கேட்கும் கடைத்தெருவையும் சேர்த்தே அது துடைத்துவிடும். பிறகு கேசட்டின் மேல் விளிம்பில், இரண்டு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்து விடுங்க. யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் உள்ளே போகாது.