பித்தளை லென்ஸும் ஒரு குடமிளகாயும்

4×5, 8×10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி, "பழைய லென்ஸில் எது சார் நல்லது?" என்பதுதான். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மேஜை மேல் பழமும் பாத்திரமும் வைத்து எடுக்கும் 'ஸ்டில் லைஃப்' என்றால், கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினாலே பதில் கிடைத்துவிடும்.

1837-ல் பாரிஸில் டாகேர் எடுத்த படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் பிளாஸ்டர் சிற்பங்களும் திரைச்சீலையும் உண்டு, ஆள் கிடையாது. எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில் நீண்ட காலம் அது. அத்தனை நேரம் ஆடாமல் அசையாமல் இருக்கப் பொருட்களால்தான் முடியும்!

மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவர்களுக்காக 1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் எஃப் 3.6 லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. ஆனால் நடுவில்தான் கூர்மை, ஓரங்கள் குழைந்துவிடும். முகத்துக்கு அது அழகு. வரிசையாக வைத்த நான்கு கிண்ணங்களுக்கு?

1866-ல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே தீர்வுக்கு வந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தொகுதிகள், நடுவில் துவாரம். டால்மேயர் வைத்த பெயர் 'ராபிட் ரெக்டிலீனியர்'. பிறகு ஜெர்மனியின் யேனா நகரில் புதுவகைக் கண்ணாடிகள் வந்தன. அவற்றை வைத்து 1892-ல் எமில் ஃபான் ஹேக் வடிவமைத்ததுதான் கோயெர்ட்ஸ் கம்பெனியின் 'டாகோர்'. ஓரம் வரை கூர்மை. ஆறு கண்ணாடிகள் இருந்தாலும் மும்மூன்றாக ஒட்டியிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் நான்கே. 1902-ல் பால் ருடால்ஃப் ஸைஸ் கம்பெனிக்காக உருவாக்கிய 'டெஸ்ஸார்' லென்ஸில் கண்ணாடிகள் நான்குதான், ஆனால் அத்தகைய பரப்புகள் ஆறு. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஸைஸில் ஸ்மகுலா 1935-ல் கோட்டிங் கண்டுபிடிக்கும் வரை இது பெரிய தலைவலி.

அப்படியானால் புதியதுதான் நல்லதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பொருளை அதன் நிஜ அளவிலேயே ஃபிலிமில் பதிக்க, 300 மி.மீ. லென்ஸை 600 மி.மீ. தள்ளி நிறுத்த வேண்டும். எக்ஸ்போஷர் நான்கு மடங்காகும். முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியத் துவாரத்தையும் நன்றாகச் சுருக்க வேண்டும். லென்ஸின் வேகம் ஃபோகஸ் பார்க்க உதவுவதோடு சரி. இன்னொன்று: ராபிட் ரெக்டிலீனியர், டாகோர் போன்ற சமச்சீர் லென்ஸ்களில் இரு பாதிகளின் சில குறைகள், நிஜ அளவை நெருங்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். தூரக்காட்சியில் டெஸ்ஸாரிடம் தோற்கும் கிழவர், மேஜையருகே வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார் :-)

அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1920-களில் மெக்சிகோவில் இருந்தபோது, மங்கலாகக் காட்டும் 'சாஃப்ட் ஃபோகஸ்' லென்ஸ்களை விட்டு விலகி, மலிவான பழைய ராபிட் ரெக்டிலீனியர் ஒன்றை வாங்கினார். ஊர் திரும்பி 1927-ல் சிப்பிகளை எடுத்தபோது சில எக்ஸ்போஷர்கள் மணிக்கணக்கில் நீண்டன. 1930-ல் தகரப் புனலுக்குள் ஒரு குடமிளகாயை வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 8×10 நெகட்டிவை அதே அளவில் பிரிண்ட் போட்டார். பெரிதாக்காத படத்துக்கு அதீதக் கூர்மை எதற்கு?

பளபளக்கும் எவர்சில்வரை எடுக்க ஆசையென்றால் கோட்டிங் உள்ள லென்ஸ் தேடுங்கள். மண்பானைக்கும் வெண்டைக்காய்க்கும் 1866-ன் வடிவமே தாராளம். ஷட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மூடினால் போதும்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, மூடிப்போன ஸ்டுடியோவிலோ தாத்தா வீட்டுப் பரணிலோ பித்தளைக் குழல் ஒன்று கிடைத்தால், எடைக்குப் போடுமுன் அதன் விளிம்பில் செதுக்கியிருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். அதற்கு இன்னும் வேலை மிச்சமிருக்கலாம்.