கூட நின்றவன் பெயர்

ஓசூர் சிப்காட்டில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். என் லைனில் பாதிப்பேர் பீகார் பையன்கள். யாரையும் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் ‘பையா’, முதுகுக்குப் பின்னால் ‘வடக்கன்’.

லீவு நாளில் நடுகல் பார்க்கப் போவது என் கிறுக்கு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எத்தனையோ ஊர்களில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன். பல இடங்களில் அவன்தான் இன்று வேடியப்பன் சாமி. செங்கம் பக்கம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. கூடவே கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயரும் வெட்டியிருக்கிறது: கோவிவன்.

அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் மேஜர் சரவணன் ஞாபகம் வரும். திருச்சிக்காரர். பீகார் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியன். 1999 மே 29, கார்கில் போரின் படாலிக் பகுதி, 14,000 அடிக்கு மேல் ஒரு சிகரம். மேலே பதுங்குகுழிகளில் எதிரி, கீழிருந்து இருட்டில் ஏறியவர்கள் இவர்கள். ராக்கெட் லாஞ்சரைத் தானே எடுத்துச் சுட்டார். குண்டுச்சிதறல் பாய்ந்தது. திரும்பிவிடச் சொல்லியும் கேட்கவில்லை என்கிறார்கள். தலையில் குண்டு பட்டு விழும்போது வயசு 26. ஒரு மாதத்துக்கும் மேல் உடலை மீட்க முடியவில்லை. வீர் சக்ரா பிறகு வந்தது.

இந்தக் கதையைப் பள்ளிக்கூட மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதே தாக்குதலில் விழுந்து, அதே வீர் சக்ரா பெற்ற பீகார்க்காரர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவின் பெயரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை. தளபதி என்றால் முன்னால் போகிறவன். பின்னால் யாரும் வராவிட்டால் அவன் தனியாகச் சாகிறவன், அவ்வளவுதான். சரவணன் தனியாகச் சாகவில்லை. அவரைத் தமிழ் வீரர் என்று மட்டும் சொல்லி முடிக்கும்போது, அவர் யாரை நம்பி மலையேறினாரோ அவர்களை அழித்துவிடுகிறோம்.

மனிதரை நாயோடு ஒப்பிடவில்லை. கல் வெட்டியவனின் மனசைச் சொல்கிறேன். கூட நின்ற உயிர் எதுவானாலும் அதற்கொரு பெயர் உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஷிஃப்டில் பக்கத்து மெஷின் பையனிடம் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். மூன்று வருஷத்தில் முதல்தடவை. அவன் முகம் வெளிறிவிட்டது.

“ஏன்ணா, சூப்பர்வைசர் கேட்டாரா?” என்றான்.