அட்டையில் அச்சான மாதம்

தான் பிறந்த மாதத்தில் வெளியான காமிக்ஸ் அட்டைகளைத் தேடி, அவற்றில் பிடித்தவற்றைப் பொறுக்கி அடுக்குவது அமெரிக்க ரசிகர்களிடையே ஒரு விளையாட்டு. விளையாட்டானாலும் அதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் உலகத்துக்கு வந்த அதே வாரங்களில் இந்தப் படங்களும் கடைக்கு வந்தன, ஆகவே எங்களுக்குள் ஏதோ உறவு உண்டு என்ற நம்பிக்கை. ஜாதகம் எழுதி வைக்கிற நாம் இதைக் கேலி செய்ய முடியாது. கிரகங்கள் இருக்கிற கட்டத்தில் அவர்கள் சூப்பர்மேனை வைத்திருக்கிறார்கள்.

இதைத் தமிழில் ஆடிப்பார்க்க முயன்றேன். முதல் அடியிலேயே சறுக்கல். எனக்குப் பிறந்த மாதங்கள் இரண்டு. ஜாதகத்தில் ஆவணி, பள்ளிச் சான்றிதழில் ஜூன். சேர்க்கும்போது வயது நிரம்பவில்லை என்று யாரோ இரண்டு மாதத்தைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். வங்கியில் அன்றாடம் படிவங்களைப் பார்க்கிறவனுக்கு இது வியப்பே இல்லை. வயதானவர்களில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் நம்பமுடியாத அளவுக்கு அதிகம். பள்ளி திறக்கிற மாதம் ஒரு தலைமுறையின் பிறந்த மாதமாகப் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்க அட்டையில் இருக்கும் மாதமும் இப்படிப்பட்டதுதான். சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் இருப்பது ஜூன் 1938. அது கடைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். இதழ் சீக்கிரம் பழசாகத் தெரியக்கூடாது, கடைக்காரர் அதை அவசரப்பட்டுத் தட்டியிலிருந்து எடுத்துவிடக்கூடாது என்பதற்காக மாதத்தை முன்னால் தள்ளிப் போடுவது அங்கே வியாபார வழக்கம். அட்டை மாதம் என்பது வாசகனுக்குச் சொன்னதல்ல, கடைக்காரருக்குச் சொன்னது. என் ஜூனுக்கும் சூப்பர்மேனின் ஜூனுக்கும் ஒரே மாதிரிதான் காரணம்.

ஆகவே என் மாதத்தை விட்டுவிட்டு, பத்திரிகைகள் பிறந்த மாதம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஜூலை 1984. தமிழ்க் காமிக்ஸ் சரித்திரத்தில் இதற்கு ஈடான மாதம் வேறு இல்லை. அந்த மாதத்தில் சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' தொடங்கியது. ஆசிரியர் விஜயனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் தந்தை சௌந்திரபாண்டியன் 1972-ல் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' அதற்கு முன்பே ஒரு தலைமுறையை வளர்த்திருந்தது. அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து 'ராணி காமிக்ஸ்' வந்தது. லயனின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணியின் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை, 'அழகியைத் தேடி'. ராணி 500 இதழ்கள் வந்து 2005-ல் நின்றது. லயன் பலமுறை தளர்ந்து, 2012-ல் புதிதாக எழுந்து இன்றும் வருகிறது.

இந்த இரண்டு கதைகளும் எங்கிருந்து வந்தன என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. மாடஸ்டி பிளைஸி 1963-ல் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மாலைத்தாளில் தொடங்கியது. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்தது. பாண்ட் படக்கதை 1958-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் தொடங்கியது. இரண்டும் நாளுக்கு ஒரு வரி, மூன்று நான்கு கட்டம் என்று செய்திகளுக்கு நடுவே ஓடியவை. நாளிதழ்த் தொடருக்கு அட்டை கிடையாது. இரும்புக்கை மாயாவியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் வரைந்த தொடர் அது, வாரம் ஓரிரு பக்கமாக வளர்ந்தது. 1967-ல் அந்தப் பாத்திரம் தனிச் சிறுபுத்தகங்களில் வந்தபோதுதான் அதற்கென்று அட்டை கிடைத்தது.

ஆக, பிறந்த இடத்தில் அட்டை இல்லாமல் பிறந்த கதைகள் இவை. தமிழுக்கு வந்து முழுக்கதையாகத் தொகுக்கப்பட்டபோது அவற்றுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது இறக்குமதி. கறுப்பு வெள்ளைக் கோடுகள், லண்டன் தெருக்கள், அவற்றின்மேல் தமிழ் எழுத்து. வண்ணம் பெரும்பாலும் அட்டையில்தான், அந்த அட்டையை வரைந்தது இங்கிருந்த ஒருவர். சில சமயம் உள்ளேயிருந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி வரைந்தார். சில சமயம் வேறெங்கோ கிடைத்த வெளிநாட்டுப் படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார். எப்படியானாலும் அந்தச் சிவப்பும் மஞ்சளும் லண்டனுடையவை அல்ல. தமிழ்க் காமிக்ஸில் தமிழ் எது என்று கேட்டால் மொழிபெயர்ப்பைக் காட்டுவோம். அட்டையையும் காட்ட வேண்டும் என்கிறேன்.

அந்தச் சிவப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது, பட்டாசு தொடர்ந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன, அச்சகங்களுக்காக ஓவியர்கள் வந்தார்கள், பிறகு காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சில் ஏறி வீடுதோறும் மாட்டப்பட்டார்கள். பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணை இழுக்க வேண்டும், கடையில் தொங்கும் பத்துப் பொருள்களில் இது முதலில் தெரிய வேண்டும் என்பதே லேபிளின் இலக்கணம். காமிக்ஸ் அட்டை அந்த இலக்கணத்தில் பிறந்தது. அதைப் பார்த்து 'கொச்சை' என்று முகம் சுளித்த நம் ரசனை, அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று விசாரித்ததில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். கொண்டையராஜு தம் படத்தில் கையெழுத்திட்டார். காமிக்ஸ் அட்டைக்காரர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. லயன், முத்து அட்டைகளை வரைந்த மாலையப்பன் போன்ற ஓரிருவரைத் தீவிர வாசகர்கள் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். அதற்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர் சிலர்தான்.

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 'கசடதபற' 1970-ல் வந்தது, 'முத்து' 1972-ல். ஒரே காலம், இரண்டுமே பெரும் பத்திரிகைகளின் வழியில் போகாதவை. ஓவியத்தை எழுத்துக்குச் சமமாக வைத்தது சிறுபத்திரிகை. ஆதிமூலத்தின் கோடுகளைப் பெயரோடு போட்டோம், அவரைப் பற்றி எழுதினோம். 1966-ல் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் கிராமம் உருவானதை ஒரு நிகழ்ச்சி என்று உணர்ந்தோம். இவையெல்லாம் சரியே. ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு, கட்டம் கட்டமாக ஒரு படத்தைப் படிக்கக் கற்றுத் தந்தது சிவகாசி. அதை எழுதியவர்கள் குறைவு. எழுதியபோதும் குழந்தைப்பருவ ஏக்கமாக எழுதினார்களேயன்றி, அட்டை வரைந்தது யார் என்று கேட்டவர்கள் அபூர்வம்.

அநாமதேயம் நம் மரபு என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலில் வளர்ந்த எனக்கு இந்தப் பதில் பழக்கமானது. எங்கள் ஊர் நரசிம்மர் குடைவரைக்குள் உட்கார்ந்திருக்கிறார்; அந்தப் பாறையைக் குடைந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்துக்குத் தலைப்புகூட இல்லை. அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் வடித்தவனைப் பற்றி வாதாட எதுவும் இல்லை. ஆனால் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று வரிசையாகப் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கடற்கரையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் என்றே கருதுகிறார்கள். அவர்கள் பெயரில்லாமல் இருக்க விரும்பியவர்கள் அல்ல. கோயிலில் இடம் கிடைக்காததால் ஊருக்கு வெளியே ஒரு பாறையைத் தேடிப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அநாமதேயம் மரபு என்பது பெயர் போட மறந்தவர்கள் பிறகு சொல்லிக்கொண்ட சமாதானம்.

என் சொந்த அட்டையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் பைண்டு செய்த தொகுதி ஒன்றை வாங்கினேன். முத்து, லயன் என்று ஆறு கதைகள். கெட்டி அட்டை போட்டுத் தைத்த பைண்டர், உள்ளிருந்த ஆறு அட்டைகளையும் கழற்றி எறிந்திருந்தார். புத்தகம் நன்றாக உழைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். எந்த மாதம், எந்த ஆண்டு என்று எதுவும் இல்லை. ஒரு கதைக்கு முதல் பக்கமும் இல்லை. 1962-ல் லண்டனில் வெளியாகி, 1972-க்குப் பின் சிவகாசியில் தமிழாகி, தொண்ணூறுகளில் என் கைக்கு வந்த மாயாவிக்கு எந்த மாதத்தைப் பிறந்த மாதமாக எழுதுவது? அந்தத் தொகுதியில் வெளிநாட்டில் வரைந்தது கிட்டத்தட்ட அத்தனையும் பத்திரமாக இருந்தது. இங்கே வரைந்தது மட்டும் இல்லை.

மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். அந்த அட்டைகளை வரைந்தவர்களும் நமக்கு அப்படித்தான் இருக்கிறார்கள். அச்சகக் கணக்குப் புத்தகம் எங்காவது இருக்கும். இன்ன அட்டைக்கு இன்னாருக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு வவுச்சர் இருக்கும். ஜூலை 1984-லிருந்து தொடங்கலாம். வரைந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள்.